அத்தியாயம் 6: கொல்லைப்புறத்தில் ஓர் ஓவியக்கூடம்

வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஓவியருக்குக் கொல்லையில் தனி அறை கட்டலாம் என்று முடிவானதும், மேஸ்திரியை அழைத்து "பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரூம் போடணும்" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் படுக்கையறைக்குப் போடும் கணக்கையே போடுகிறார்: 4க்கு 4 அடியில் இரண்டு ஜன்னல், 3 அடிக் கதவு, தட்டையாக ஒரு கான்கிரீட் தளம். குடியிருக்க அது நல்ல அறை. அதில் படம் வரைய உட்கார்ந்தால் காலையில் கலந்த நிறம் மாலையில் வேறாகத் தெரிகிறது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் காகிதக் கட்டில் பூஞ்சணம் பூத்திருக்கிறது.

ஓவியக்கூடத்துக்கு எஜமானர்கள் இரண்டு பேர்: வெளிச்சமும் ஈரமும். தமிழ்நாட்டில் இரண்டுமே பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. ஓவியருக்கு வேண்டிய அசையாத வெளிச்சம் வடக்கு வானத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சாரலோடு அடிக்கும் மழையும் வடகிழக்கிலிருந்துதான் வருகிறது. வெளிச்சத்தை உள்ளே விட்டு மழையை வெளியே நிறுத்தும் வழி தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் தாமாக வரிசைக்கு வரும். அதனால் சுவர் எங்கே வரும் என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். உங்கள் கை எங்கே வேலை செய்யப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

முதலில் பந்தல்

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் அதே இடத்தில் நான்கு மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து ஒரு பந்தல் போடுங்கள். செலவு குறைவு, பிரித்துவிடுவதும் எளிது. அங்கே உட்கார்ந்து சில வாரங்கள் வேலை செய்தால் எந்த வரைபடமும் சொல்லாததையெல்லாம் அந்த இடமே சொல்லிவிடும்: பக்கத்து வீட்டு மாடியின் நிழல் எப்போது விழுகிறது, எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது, கிணற்றடியில் துணி துவைக்கும் சத்தம் உங்களைக் கலைக்கிறதா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது.

பந்தலுக்குள் ஒரு வெள்ளை அட்டையை ஈஸல் நிற்கப்போகும் இடத்தில் நிறுத்தி, காலை 8, முற்பகல் 11, பிற்பகல் 3, மாலை 5 மணிக்குப் பாருங்கள். அட்டையின் வெண்மை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறதா, அதன்மேல் வெயில் நேராக விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை இதைச் செய்தால் ஆண்டு முழுமைக்கும் சூரியன் போகும் எல்லை தெரிந்துவிடும்.

வடக்கு வெளிச்சம்: நம் ஊர்க் கணக்கு

ஓவியக்கூடத்துக்கு வடக்கு ஜன்னல் வேண்டும் என்பது ஐரோப்பியப் புத்தகங்களில் மாறாமல் வரும் அறிவுரை. அங்கே சூரியன் எப்போதும் தெற்கு வானத்திலேயே உச்சிக்கு வருகிறது. நடுப்பகலில் வடக்கு ஜன்னலுக்கு நேர்வெயில் வருவதே இல்லை. நம் ஊர் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் கணக்கு மாறுகிறது. சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று அது உச்சியிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். கன்னியாகுமரியில் 15 பாகை. அன்றைய தினம் சூரியன் உதிப்பதும் நேர்கிழக்கில் அல்ல, அங்கிருந்து 24 பாகை வடக்கே தள்ளி.

ஆகவே நம் ஊரில் வடக்கு ஜன்னலை வெறுமனே திறந்து வைக்க முடியாது. அதற்கு இரண்டு காவல் தேவை. ஒன்று, மேலே 2½ அடி நீட்டமுள்ள சன்ஷேடு. கோடை நண்பகல் வெயிலுக்கு மட்டும் என்றால், சென்னையில் 5 அடி உயர ஜன்னலுக்கு 1 அடி நீட்டமே போதும். மீதி நீட்டம் முற்பகல் வெயிலுக்கும் வடகிழக்குப் பருவமழையின் சாரலுக்கும். இரண்டாவது, ஜன்னலின் இரு பக்கமும் சுவரிலிருந்து வெளியே நீளும் பக்கத்தடுப்பு. காலை 9 மணிக்கு முன்பும் பிற்பகல் 3 மணிக்குப் பின்பும் தாழ்வாகச் சாய்ந்து வரும் வெயிலை மேலேயுள்ள சன்ஷேடால் மறைக்க முடியாது, பக்கத்தடுப்பால்தான் முடியும். 4 அடி அகல ஜன்னலுக்கு 2 அடி நீட்டமுள்ள தடுப்பு போதும். இன்னும் அகலமான ஜன்னல் வேண்டுமென்றால், அதை 4 அடிப் பிரிவுகளாகப் பிரித்து நடுவிலும் ஒரு தடுப்பு வையுங்கள்.

ஜன்னலின் அகலத்தைவிட உயரத்தில் கவனம் வையுங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் வேலைக்கு உதவும் பகல்வெளிச்சம் அறைக்குள் வரும். 7 அடியில் லிண்டல் போட்டால் 14 அடி. 9 அடிக்கு உயர்த்தினால் 18 அடி. ஜன்னலின் கீழ்விளிம்பு உங்கள் வேலை முறையைப் பொறுத்தது. ஈஸல் முன் நின்று வரைபவருக்கு 3 அடியில் தொடங்குவது சரி. தரையில் சம்மணமிட்டு, பலகையைக் கிடையாக வைத்துத் தஞ்சாவூர் ஓவியம் செய்பவருக்கு அதே ஜன்னல் வெளிச்சம் தலைக்கு மேலேதான் போகும். அவருக்கு 1 அடி அல்லது 1½ அடி உயரத்திலேயே ஜன்னல் தொடங்க வேண்டும். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும், இடக்கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்தும் விழும்படி ஆசனத்தை அமையுங்கள். அப்போதுதான் தூரிகை பிடித்த கையின் நிழல் கோட்டின் மேல் விழாது.

வீடு தெற்குப் பார்த்ததானால் கொல்லை வடக்கில் இருக்கும். ஜன்னலுக்கு எதிரே மதில் சுவர் வரும். நடுவில் முடிந்தவரை இடம் விடுங்கள். வீடு வடக்குப் பார்த்ததானால் கொல்லை தெற்கில். ஓவியக்கூடத்தின் ஜன்னல் உங்கள் வீட்டின் பின்சுவரைப் பார்க்கும். அப்போது வீட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளிக் கட்டினால்தான் ஜன்னலுக்கு வானம் கிடைக்கும்.

அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பழைய நூற்பாலைகளின் கூரையைப் பார்த்திருப்பீர்கள்: ரம்பப் பல்லைப் போல வரிசையாக உயர்ந்து, செங்குத்துப் பக்கத்தில் கண்ணாடி பதித்திருப்பார்கள். ஆலைக்காரர்கள் 'நார்த் லைட் ரூஃப்' என்று சொல்லும் கூரை அது. அதில் ஒரே ஒரு பல் உங்கள் அறைக்குப் போதும். கூரையின் ஒரு பாதியை 3 அடி உயர்த்தி, அந்த இடைவெளியில் வடக்குப் பார்த்து நீளக் கண்ணாடி வையுங்கள். மேலே 2 அடி நீட்டம் விடுங்கள். பக்கத்தில் மாடி வீடு இருந்தாலும் வானத்தின் வெளிச்சம் வந்து சேரும். கூரையில் கிடையாகக் கண்ணாடி பதிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சூரியன் தலைக்கு நேரே வரும் நாட்டில் அது வெயிலையும் வெப்பத்தையும் படத்தின் மேலேயே கொட்டும்.

எவ்வளவு பெரிய அறை?

அறையின் நீளத்தை நிர்ணயிப்பது நீங்கள் வரையும் மிகப்பெரிய படம். படத்தின் நீண்ட பக்கத்தைப் போல மூன்று மடங்கு தூரம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் அது முழுதாகக் கண்ணில் அமையும். 4 அடிப் படத்துக்கு 12 அடி வேண்டும். ஈஸலும் அதன் பின்னிடமும் சேர்த்தால் 15 அடி. அகலம் 10 அடி இருந்தால் நடமாடலாம். 15க்கு 10 அடி என்பது கேன்வாஸில் வரைபவருக்கான குறைந்தபட்சக் கணக்கு. நீர்வண்ணமோ சிறு அளவுத் தஞ்சாவூர் ஓவியமோ செய்பவருக்கு 10க்கு 10 அடியே தாராளம்.

கதவை நிர்ணயிப்பதும் அதே படம்தான். ஒற்றைக் கதவு 3½ அடி அகலமாவது இருக்கட்டும். இரட்டைக் கதவானால் 5 அடி. அதோடு, முடிந்த படம் வீதிக்கு எப்படிப் போகும் என்று நடந்து பாருங்கள். கூடத்திலிருந்து பக்கச் சந்து வழியாக வாசல் வரை ஒரு பழைய அட்டையைப் படத்தின் அளவுக்கு வெட்டிச் சுமந்து போங்கள். சந்தின் திருப்பம், தண்ணீர்க் குழாய், ஏ.சி. பெட்டி என்று எது தடுக்கிறதோ அது இப்போதே தெரிந்துவிடும். சந்தே இல்லாத ஒட்டு வீடுகளில் படம் வீட்டுக்குள்ளாகத்தான் போயாக வேண்டும். அங்கே உங்கள் படத்தின் அளவை முடிவு செய்வது வீட்டின் மிகக் குறுகலான நிலைவாசல்.

எதுவும் கட்டுவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மனையின் பின்புறத்திலும் பக்கங்களிலும் விட வேண்டிய இடத்தை வரையறுக்கின்றன. கூடத்தில் வகுப்பு நடத்தவோ விற்பனை செய்யவோ எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். அனுமதியும் மின்கட்டணமும் அதனால் மாறக்கூடும்.

கூரையும் சுவரும்

கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கைக் கூரைக்கு ஒதுக்குங்கள். நம் வெப்பம் மேலிருந்துதான் இறங்குகிறது. தகர ஷீட் போட்டால் கோடையில் பகல் முழுதும் உள்ளே இருக்க முடியாது. மழை பெய்தால் பேச்சே கேட்காது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கும்போதும் அது உடையும்போதும் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. நல்ல தேர்வு இரண்டு. மங்களூர் ஓட்டுச் சாய்கூரை முதலாவது: ஓட்டின் இடுக்குகள் வழியே வெப்பக்காற்று வெளியேறும். ஆனால் ஓட்டுக்குக் கீழே பலகையோ வேறு உள்கூரையோ வேண்டும். இல்லையேல் தூசியும் ஓட்டுத்துகளும் ஈரமான வண்ணத்தின் மேல் விழும். தென்னை மரம் மட்டை உதிர்க்கும் தூரத்தில் ஓட்டுக் கூரை வேண்டாம்.

இரண்டாவது தேர்வு ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட்டின் அடிப்பகுதியில் வேலையில்லாமல் கிடக்கும் இடத்தை ஓடு வைத்து நிரப்பும் முறை இது. சிமெண்டும் மிச்சமாகும், தளமும் சற்றுக் குளிரும். கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இதைப் பரவலாக்கினார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'ரேட் ட்ராப்' சுவரும் அவர் பரப்பியதே. வழக்கமான 9 அங்குலச் சுவரைவிட ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகிறது, உள்ளேயுள்ள வெற்றிடம் வெப்பத்தைத் தடுக்கிறது. மேற்குச் சுவருக்கு இது மிகவும் பொருத்தம். எந்தத் தளமானாலும் மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ இருக்கட்டும்.

தெற்குச் சுவரில் உயரத்தில் சிறு திறப்புகள் வைத்தால், வடக்கு ஜன்னலோடு சேர்ந்து காற்று குறுக்காக ஓடும். மேற்கில் ஜன்னலே வேண்டாம்.

நிறத்தைக் கெடுக்கும் நிறங்கள்

வெளிச்சம் தான் படும் பொருளின் நிறத்தையும் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. ஜன்னலுக்கு வெளியே வாழையோ முருங்கையோ அடர்ந்திருந்தால் படத்தின் மேல் இளம்பச்சை படியும். எதிர்வீட்டுச் சுவர் ரோஸ் நிறமென்றால் உங்கள் வெள்ளையும் ரோஸாகும். அந்தச் சாயலைத் திருத்துவதாக நினைத்துக் கலக்கும் நிறம், வேறு வீட்டுச் சுவரில் மாட்டும்போது தப்பாக நிற்கும். ஜன்னலுக்கு எதிரே உள்ள உங்கள் மதில் சுவருக்கு வெள்ளையடியுங்கள். மரங்களை வெட்ட வேண்டியதில்லை. புதிதாக நடுவதைத் தெற்கிலும் மேற்கிலும் நடுங்கள். மேற்கு வெயிலுக்கு அவை காவலாக நிற்கும்.

உள்ளேயும் அதே கவனம் தேவை. சிவப்பு ஆக்சைடு தரையும் ஆத்தங்குடி ஓடும் கண்ணுக்கு அழகு. ஆனால் அவற்றில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கேன்வாஸின் கீழ்ப்பாதியில் சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றும். ஓவியக்கூடத்துக்குப் பளபளப்பில்லாத சாம்பல் நிறச் சிமெண்டுத் தரையே நல்லது. வண்ணம் சிந்தினாலும் கவலையில்லை. சுவருக்கு மங்கிய வெள்ளை, ஈஸலுக்குப் பின்னாலுள்ள சுவருக்கு மட்டும் நடுத்தரச் சாம்பல்.

ஈரத்தோடு வாழ்வது

கூடத்தின் தரை சுற்றுப்புறத்தைவிட 2 அடி உயரமாவது இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் பகுதியானால், 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற நாளில் அங்கே நீர் எந்த மட்டத்தில் நின்றது என்று தெருவில் கேட்டு, அதற்கும் மேலே தரையை வையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறாமலிருக்க டி.பி.சி. என்னும் ஈரத்தடுப்புப் படலம் போடுவதையும், அஸ்திவாரக் குழியிலேயே கரையான் மருந்து அடிப்பதையும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவர் எழும்பிய பின் இவற்றைத் திருத்துவது கடினம், செலவும் அதிகம்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் பல மாதங்கள் இந்த அளவைத் தாண்டியே இருக்கும். எனவே காகிதத்தையும் முடிந்த படங்களையும் வெளிச்சுவரில் சாத்தி வைக்காதீர்கள். உள்தடுப்புச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து அரையடி உயர்த்தி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி மரச்சட்டத் தாங்கி அமையுங்கள். படங்களை நிமிர்த்தி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். காகிதத்துக்கு மூடியுள்ள இரும்புப் பீரோவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் உதவும். ராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் தேடி வரும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, காற்றாட வைப்பதே அதற்குச் சிறந்த மருந்து.

புதுச் சுவர் தன்னுள் இருக்கும் நீரைப் பல மாதங்கள் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஒரு கோடை முழுதாகக் கடந்த பிறகே காகிதச் சேகரத்தை அங்கே குடியேற்றுங்கள்.

இரவு விளக்கு

கடைகளில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி. குழல்விளக்கின் நிறத்தெளிவுக் குறியீடு, அதாவது சி.ஆர்.ஐ., பெரும்பாலும் 80ஐ ஒட்டி இருக்கும். அதில் சிவப்பு மங்கித் தெரியும். 90க்கு மேலான சி.ஆர்.ஐ., 4,000 முதல் 5,000 கெல்வின் நிறவெப்பம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எல்லா விளக்கும் ஒரே தயாரிப்பாக, ஒரே கெல்வினாக இருக்கட்டும். படத்துக்கு நேர்மேலே மாட்டாமல், முன்பக்கத்தில் தள்ளி, 45 பாகைச் சாய்வில் வெளிச்சம் விழும்படி வைத்தால் எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு கண்ணைக் குத்தாது. தஞ்சாவூர் ஓவியருக்குத் தங்கரேக்கு ஒட்டிய இடம் மின்னி மறைக்காமலிருக்க, விளக்குக்கு முன் பால்கண்ணாடித் தகடு வையுங்கள். ரேக்கு ஒட்டும் வேளையில் மின்விசிறி சுழலக் கூடாது. ஆகவே விசிறியின் சுவிட்ச் ஆசனத்திலிருந்து எழாமல் கைக்கு எட்டட்டும்.

வீட்டிலிருந்து இழுக்கும் மின்கம்பிக்குத் தனி எம்.சி.பி.யும் எர்த்தும் வேண்டும். பிளக் பாயிண்டுகளை இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

கழிவும் தீயும்

கொல்லையில் கிணறோ போர்வெல்லோ இருக்கும். பல வீடுகளில் குடும்பம் குடிப்பதும் அந்த நீரைத்தான். கேட்மியம், கோபால்ட், ஈயம் கலந்த வண்ணங்களைக் கழுவிய நீரை மண்ணில் ஊற்றக் கூடாது. மூன்று வாளி முறையைக் கடைப்பிடியுங்கள். தூரிகையை முதலில் காகிதத்தில் நன்றாகத் துடைத்து, முதல் வாளியில் அலசி, இரண்டாவதில் கழுவி, மூன்றாவதில் தூய்மை செய்யுங்கள். முதல் வாளி நீரில் படிகாரத் தூள் கலந்து ஓரிரவு விட்டால் அக்ரிலிக் துகள் அடியில் படியும். தெளிந்த நீரை வீட்டுச் சாக்கடைக் குழாயில் விட்டு, வண்டலைக் காயவைத்துப் பொட்டலமாக அபாயக் குப்பையில் சேருங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நம் கோடை வெப்பத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடும். அத்தகைய துணிகளைத் தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர வாளியில் மட்டும் போடுங்கள். டர்பன்டைன் ஆவி தங்காமலிருக்க, ஈஸலுக்கு அருகே ஓர் எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். கீற்றோ ஓலையோ இந்த அறையின் நிரந்தரக் கூரையாகக் கூடாது என்பதற்கும் காரணம் இந்தத் தீ ஆபத்தே.

வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே

வீடும் வேலையும் ஒரே வளாகத்தில் இருப்பது நமக்குப் புதிதல்ல. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் 1966ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, கலைஞர்கள் அங்கேயே குடியிருந்து அங்கேயே வேலை செய்தார்கள். பாட்டிக் போன்ற கைவினைப் பொருள்களை விற்று வாழ்க்கைச் செலவைச் சமாளித்தார்கள். தம் கலைக்கு நேரம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அவர்கள் செய்த ஏற்பாடு அது.

உங்கள் கொல்லைக்கும் நோக்கம் அதுவே: நேரத்தைக் காப்பது. கூடத்தின் கதவு அடுப்படிக் கதவை நேராகப் பார்க்க வேண்டாம், பக்கவாட்டில் திறக்கட்டும். வாசலில் ஒரு சிறு திண்ணை கட்டுங்கள். வாங்க வருபவர், மாணவர், கூரியர்காரர் என்று யார் வந்தாலும் அங்கே உட்கார வைத்துப் பேசலாம். ஈரம் காயாத படத்தருகே யாரும் வர வேண்டியதில்லை. கை கழுவத் தொட்டியும் முடிந்தால் கழிப்பறையும் கூடத்தோடு இருந்தால், வண்ணம் படிந்த கையோடு வீட்டுக்குள் ஓடும் தேவை இராது. வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே மழையில் நனையாமல் நடக்க ஒரு சாய்ப்பு போடுங்கள்.

மேஸ்திரியிடம் பேசும் முன்

இந்த ஆறு கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. நின்று வரைகிறேனா, உட்கார்ந்தா, தரையிலா? ஜன்னலின் கீழ்விளிம்பு எத்தனை அடி?
2. என் மிகப்பெரிய படம் எத்தனை அடி? அது வீதிக்குப் போகும் வழி எது?
3. வடக்கு எந்தப் பக்கம்? அங்கே வானத்தை மறைப்பது எது?
4. மழைநீர் எங்கே தேங்குகிறது? எந்த மட்டம் வரை?
5. முடிந்த படங்களும் காகிதமும் எந்தச் சுவரை ஒட்டி இருக்கும்?
6. வண்ணம் கழுவிய நீர் எங்கே போகும்?

தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினால் ஆனிக்குள் கூரை முடிந்துவிடும்; ஐப்பசி மழைக்கு முன் பூச்சும் ஓரளவு காய்ந்திருக்கும். பணம் குறைந்தால் அலமாரியையும் தரை வேலையையும் பின்னால் செய்துகொள்ளலாம். அறையின் நீளத்தைக்கூட ஓர் அடி குறைக்கலாம். ஆனால் கூரை, வடக்கு ஜன்னல், தரையின் உயரம் இந்த மூன்றிலும் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றை மாற்ற வேண்டுமானால் கட்டியதை இடித்தாக வேண்டும்.